பலகையில் இல்லாத பெயர்

"மேடம், இந்த ஏழாவது போட்டோவுல ஒரு திருட்டுத்தனம் இருக்கு. கண்டுபிடிச்சீங்கன்னா இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு என் செலவு" என்றான் ராஸ்கோ.

"சாப்பாடு உன் செலவுங்கறதே சந்தேகமா இருக்கு. முதல்ல அதை விசாரிக்கணும்" என்றாள் வெர்னா டாக்கெட், நெற்றியிலிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டே.

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் குற்றப் புலனாய்வு பார்த்துவிட்டு, ஹன்ட்ஸ்வில்லில் சைலன்சர் மாட்டும் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் கடை விரித்திருப்பவள் வெர்னா. கீழே எவனாவது காரை முறுக்கினால் மேலே மேஜை ஆடும். ராஸ்கோ அவளுடைய உதவியாளன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் காயங்களைக் கண்டுபிடிக்கிற உத்தியோகத்தில் இருந்து, வாய் அடங்காத குற்றத்துக்காக வெளியே வந்தவன். அந்த வாய் இங்கே வந்தும் அடங்கவில்லை.

மணி பத்தே முக்கால். இரண்டு மணிக்கு விசாரணை. அந்த விசாரணைக்குப் போக வேண்டியவள் எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அடேல் விட்லாக். ஐம்பது வயது. ஊருக்கு வெளியே இருக்கும் ஏவுகணை ஆலையில் பத்தொன்பது வருடமாக இன்ஜினியர். எதிரி விடுகிற ஏவுகணையை வானத்திலேயே மோதி உடைக்கிற ராக்கெட்டை அங்கே செய்கிறார்கள். அந்த ராக்கெட்டின் முனையில் ஒரு கண் இருக்கிறது. எது நிஜக் குண்டு, எது ஏமாற்று என்று அந்தக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அடேல். எதிரி குண்டை மட்டும் தனியாக அனுப்ப மாட்டான், கூடவே பலூனும் விடுவான். காற்றே இல்லாத உயரத்தில் பலூனும் குண்டும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி போகும். அங்கேதான் கண் திணறும். ஆறு முறை சோதித்தார்கள், ஆறு முறையும் தவறியது. ஏழாவது முறை நடுமண்டையில் அடித்தது. ஊரே ஆடியது. பள்ளிக்கூட பாண்டு வாத்தியம் ஆலை வாசலில் வந்து முழங்கியது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடேல் ஒரு பத்திரிகைக்காரரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த ஏழாவது சோதனையில் பலூன் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கண் கண்டுபிடித்திருக்காது என்று. அது அவள் பெயரோடு அச்சில் வந்தது. மூன்றே நாளில் ஆலையிலிருந்து கடிதமும் வந்தது.

ராஸ்கோ அந்தக் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தான். "'ரகசியத் தகவலை வெளியாருக்குத் தெரிவித்தது.' இதைச் சொல்ல நாலு பக்கம். இவங்க ராக்கெட்டும் இப்படித்தான் சுத்தி வளைச்சுப் போகுமோ?"

"ஏழாவது டெஸ்டுக்கு முன்னாடி என்னை வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க மேடம்" என்றாள் அடேல். "அந்தப் பொறாமையில கதை கட்டுறேன்னு சொல்றாங்க. மூணு மாசமா ஒருத்தர்கூட என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறதில்ல. நான் பெத்த கண்ணு அது. அதுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? யாரும் எனக்குச் சொல்லல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேற வழியே இல்ல, பலூனைத்தான் மாத்தியிருக்கணும்."

"உங்க வக்கீல் என்ன சொல்றாரு?"

"மான்ட்கொமரியில இருந்து நேரா அங்க வர்றேன்னாரு. நீ வாயைத் திறக்காதே, வெறும் ஊகம்னு நான் சொல்லிக்கறேன்னாரு. ஊகமாம்!" அடேலின் முகம் சிவந்தது. "என் பையன் வெஸ்லி கொரியாவுல எல்லைக்குப் பக்கத்துல முகாம்ல இருக்கான். இந்த ராக்கெட் குடையை முதல்ல அங்கதான் விரிக்கப் போறாங்க. ஓட்டைக் குடைன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தா நான் என்ன அம்மா?"

விசாரணை எதிராகப் போனால் ஆலைக்குள் நுழைகிற அவளுடைய அனுமதி அட்டை போய்விடும். இந்த ஊரில் அட்டை இல்லாத இன்ஜினியருக்கு ஆலைகளில் துடைப்பம் பிடிக்கும் வேலைகூடக் கிடையாது. துடைப்பம் பிடிக்கிறவனுக்கும் அட்டை வேண்டும்.

"வக்கீலுங்களுக்கு உண்மைன்னா அலர்ஜி" என்றாள் வெர்னா. "நீங்க சொன்னது நிஜம்னு நான் நிரூபிச்சுக் காட்டறேன். அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்னு பார்க்கலாம்." சொல்லும்போதே அவளுக்குத் தெம்பாக இருந்தது. ராணுவத்தில் அவள் தோற்ற வழக்குகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஏழு படங்களும் மேஜையில் வரிசையாகக் கிடந்தன. ஆலை மாதாமாதம் போடுகிற குடும்பப் பத்திரிகையிலிருந்து, ஊர் நூலகத்தில் ராஸ்கோ பிரதி எடுத்து வந்தவை. அதில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. யாருக்குக் கல்யாணம், யார் பெரிய மீன் பிடித்தார் என்கிற சமாசாரம்தான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு படம்.

அடேல் விளக்கினாள். "டெஸ்டுக்கு முதல் நாள் கேன்டீன் பலகையில நாங்க பதினாலு பேரும் பேரை எழுதி, பக்கத்துல ஒரு நம்பர் எழுதுவோம். எத்தனை அடி தள்ளிப் போகும்னு. பூஜ்யம்னா நேரா அடிக்கும்னு அர்த்தம். யாரு நம்பர் கிட்ட வருதோ அவங்களுக்குக் கேன்டீன்ல சமைக்கற ஓப்பல் அம்மா தேங்காய்க் கேக் செஞ்சு தருவாங்க. பலகை பக்கத்துல நிக்க வெச்சுப் படம் எடுப்பாங்க."

"இப்பப் பாருங்க" ராஸ்கோ ஏழாவது படத்தில் விரலை வைத்தான். "மேனேஜர் லாண்ட்ரம். பூஜ்யம் எழுதியிருக்கான், கேக்கைத் தட்டோட வாங்கிட்டு இளிக்கறான். அடிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சாத்தானே பூஜ்யம் எழுதுவான்? திருடன் இவன்தான். எனக்குப் பொரிச்ச மீன் போதும் மேடம்."

வெர்னா மற்ற ஆறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஏன்டாப்பா, இவன் ஏழு தடவையும் பூஜ்யம்தான் எழுதியிருக்கான். மேனேஜர் வேற என்ன எழுதுவான்? நானூறு அடி தள்ளிப் போகும்னு எழுதிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா?"

ராஸ்கோவின் மீன் கையை விட்டு நழுவியது. "சரி, அப்ப நீங்களே சொல்லுங்க."

வெர்னா பென்சிலால் பெயர்களை எண்ணினாள். முதல் ஆறு பலகைகளிலும் பதினான்கு பெயர்கள். ஏழாவதில் பன்னிரண்டு.

"என் பேர் இருக்காது. என்னைத்தான் மாத்திட்டாங்களே" என்றாள் அடேல்.

"அதனாலதான் இதை யாரும் கவனிக்கல. உங்க பேர் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களைத் தள்ளினா பதிமூணு இருக்கணும். இன்னொருத்தர் யாரு?"

அடேல் குனிந்து பார்த்தாள். பெயர்களை உதட்டுக்குள் படித்துக்கொண்டே போனாள். "எல்வுட் கிரிம்ஸ். டெஸ்டுல எதிரிக்குப் பதிலா அடி வாங்கற ராக்கெட்டையும் பலூனையும் கட்டுறவரு. இதோ, ஓரத்துல நிக்கறாரே."

படத்தின் ஓரத்தில் நெடுநெடுவென்று ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எல்லார் கையிலும் கேக் வைத்த காகிதத் தட்டு. அவர் கைகள் இரண்டும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

"சர்ச் ஆளா இருப்பாரு. பந்தயம் பாவம்னு விட்டிருப்பாரு" என்றான் ராஸ்கோ.

"இருபது வருஷமா சபை மூப்பர்" என்றாள் அடேல். "ஆனா ரெண்டு தடவை கேக் ஜெயிச்சிருக்காரே! தேங்காய்க் கேக்னா உயிரை விடுவாரு. அந்த டெஸ்ட் முடிஞ்ச அடுத்த மாசமே வேலையை விட்டுட்டாரு."

வெர்னா கார் சாவியை எடுத்தாள். "கேள்வித்தாள் கையில இருக்கற நல்ல மனுஷன் பரீட்சை எழுத மாட்டான். கிளம்பு ராஸ்கோ."

*

வெள்ளிக்கிழமை என்பதால் கிரிம்ஸைத் தேட வேண்டியிருக்கவில்லை. சர்ச்சின் பின்பக்கம் செங்கல் அடுப்புகளில் இருநூறு கோழிகள் புகைந்துகொண்டிருந்தன. சாயங்காலம் சபையின் கோழி விருந்து. மூப்பர்கள் நாலு பேர் ஏப்ரன் கட்டிக்கொண்டு கோழிகளின் மேல் வெள்ளைச் சாறு தடவிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த வினிகரின் காரம் கண்ணில் ஏறியது.

"கிரிம்ஸ் ஐயா, ஒரே ஒரு கேள்வி" என்றாள் வெர்னா, தன்னை அறிமுகம் செய்துகொண்ட பிறகு. "கேக்குக்கு நீங்க ஏன் பேர் எழுதல?"

பெரியவர் கோழியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். திருப்ப வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை.

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எழுதினா அது திருட்டும்மா" என்றார் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"அதை நான் சொல்லக்கூடாது. சாகுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சொல்லாட்டிப் போறீங்க. கோழியையாவது கொடுங்க" என்றான் ராஸ்கோ.

"ஆறு மணிக்கு டிக்கெட் வாங்கிட்டு வரிசையில வா தம்பி."

வெர்னாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதனிடம் உண்மையைக் கேட்டு என்ன பிரயோசனம்? அவரிடம் பொய்யைத்தான் கேட்க வேண்டும்.

"அடி வாங்கற ராக்கெட்டுக்குள்ள, 'நான் இங்க இருக்கேன்'னு கூவுற ரேடியோ ஏதாவது வெச்சாங்களா ஐயா?"

"சேச்சே, இல்ல."

"முன்கூட்டியே வெடி வெச்சு, மோதாட்டியும் தானா வெடிக்கற மாதிரி?"

"இல்லவே இல்ல. யாரும்மா இப்படியெல்லாம் கிளப்பி விடறது?"

"பலூன் முந்தின ஆறு தடவையும் இருந்த அதே அளவுதானா?"

சாறு தொட்ட பிரஷ் பாதியில் நின்றது. "அதை நான் சொல்லக்கூடாது."

ராஸ்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"நிறம் மாத்தினாங்களா?"

"இல்ல."

"சூடு?"

"சொல்லக்கூடாது."

"குண்டைவிடச் சின்னதா இருந்துதா?"

"இல்ல."

"பெரிசா?"

பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன. வினிகராலும் இருக்கலாம். "அம்மா, போதும். தயவுசெஞ்சு நிறுத்துங்க."

பெரிய, சூடான ஒரு பலூன். பக்கத்தில் சின்னதாக, மங்கலாகக் குண்டு. பெரிசையும் பிரகாசத்தையும் விட்டுவிட்டு மற்றதை அடி என்று கண்ணுக்குச் சொல்லியிருப்பார்கள். எதிரி அப்படி ஒரு பலூனை அனுப்பிவைத்தால் மட்டும்தான் அந்தக் குடை வேலை செய்யும். அனுப்பிவைக்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

"அடேல் சொன்னது அத்தனையும் நிஜம்" என்றாள் வெர்னா. "ரெண்டு மணிக்கு அவங்க அட்டையைப் பறிக்கப் போறாங்க. பொய்க்காரின்னு சொல்லி."

கிரிம்ஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அடேல் பொண்ணையா? இவ்வளவு தூரம் போயிடுச்சுன்னு எனக்குத் தெரியாதேம்மா. வேலையை விட்டதோட நான் அந்தப் பக்கமே போகல." அவர் ஏப்ரனை அவிழ்த்தார். "விசாரணை ரூம்ல உட்கார்ந்திருக்கறவங்க எல்லாருக்கும் ரகசியம் கேட்க அனுமதி உண்டு. அவங்க கேட்டா நான் தாராளமா சொல்லலாம். வாங்க, போகலாம்."

வழியெல்லாம் ராஸ்கோ சீட்டியடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். வெர்னா அவனை அதட்டவில்லை.

*

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விசாரணை அதிகாரி கர்னல் ரட் அறை வாசலுக்கு வந்தார். தலை நரைத்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். கிரிம்ஸ் வந்திருக்கிறார், சாட்சி சொல்ல விரும்புகிறார் என்றதும் அவர் புருவம் ஒரு கணம் உயர்ந்தது.

"நிச்சயமா? நீங்களா இவரைச் சாட்சியா கூட்டிட்டு வந்தீங்க?" என்று வெர்னாவிடம் கேட்டார்.

"நான்தான்" என்றாள் வெர்னா பெருமையாக.

கதவு கிரிம்ஸை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. அடேல் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெர்னா அவள் தோளில் கை வைத்தாள். "நீங்க சொன்னது சரி. பலூனை மாத்தியிருக்காங்க."

"நிஜமாவா?" அடேல் எழுந்தே நின்றுவிட்டாள். மூன்று மாதமாக அந்த முகத்தில் இல்லாத ரத்தம் ஓடியது. "பெரிசா? சூடா? நான் போட்ட கணக்கு அப்படியே வந்துதா? ஐயோ, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம். நிஜமாவே பொறாமையில பேசறேனோன்னு!"

அப்போது வக்கீல் படியேறி ஓடி வந்தார். ஓலன் ஸ்ட்ரிக்லின், குண்டு மனிதர், கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் கிடந்தது. "லாரி ஒண்ணு கவிழ்ந்து வழியை அடைச்சிடுச்சு. இன்னும் ஆரம்பிக்கலையே?"

"ஆரம்பிச்சு முடியப் போவுது சார்" என்றான் ராஸ்கோ. "உங்க வேலையை நாங்களே முடிச்சுட்டோம். பலூன் கட்டினவரே உள்ள நின்னு சொல்லிட்டிருக்காரு."

ஸ்ட்ரிக்லின் கைப்பெட்டியைத் தரையில் வைத்தார். அதை அவர் வைக்கவில்லை, விட்டுவிட்டார். "யாரைய்யா உள்ள அனுப்பினீங்க?"

"கிரிம்ஸை" என்றாள் வெர்னா. "அடேல் சொன்னது உண்மைன்னு—"

"அது உண்மைன்னு யாரு உங்களை நிரூபிக்கச் சொன்னா?" அவர் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "ரகசியத்தை வெளியில சொன்னதுதான் இவங்க மேல இருக்கற குத்தம். பொய் சொன்னதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? இவங்க சொன்னது வெறும் ஊகம், தப்பான ஊகம்னு இருந்தா எந்த ரகசியமும் வெளியில போகல, வழக்கே இல்ல. பலூனை மாத்தினோம்னு ஆலை ஒரு நாளும் ஒத்துக்காது. ஒத்துக்காம இவங்களைத் தண்டிக்கவும் முடியாது. பத்து நிமிஷத்துல வெளிய கூட்டிட்டுப் போயிருப்பேன். இல்லாத சாட்சியைத் தேடிப் பிடிச்சு அவங்க கையில கொடுத்துட்டீங்களே!"

 அந்த நாலு பக்கக் கடிதத்தை வெர்னா மூன்று தடவை படித்திருந்தாள். ராஸ்கோ காலையில் சத்தம் போட்டே படித்திருந்தான். உண்மையைக் கண்டுபிடித்தால் ஜெயித்த மாதிரி என்று இருபத்திரண்டு வருடம் நம்பிய புத்தி, அந்த ஒரு வரியைத் தாண்டிக்கொண்டு ஓடியிருந்தது. வெட்கம் அவள் காதுவரை சுட்டது.

அவள் கதவைத் தட்டப் போனாள். அதற்குள் அது தானே திறந்தது.

முதலில் வந்தவர் கிரிம்ஸ். அவர் முகம் லேசாகியிருந்தது. அடேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. அளவு, சூடு, யாரு சொல்லிச் செஞ்சேன், எல்லாம். அவங்க ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டாங்க. இனிமே உனக்கு நல்லதுதான் நடக்கும், பாரு."

 என்ன செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு நடந்ததற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அடேல் உள்ளே போனாள், வக்கீல் கூடப் போனார், இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அடேலின் கழுத்தில் அட்டை தொங்கிய கயிறு இல்லை. கர்னல் ரட் பின்னால் வந்தார். வெர்னாவுக்கும் ராஸ்கோவுக்கும் ஆளுக்கொரு தாளை நீட்டினார்.

"கிரிம்ஸ்கிட்ட என்ன தெரிஞ்சுக்கிட்டீங்களோ அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடாம போனா அவரையும் சேர்த்து நான் விசாரிக்கணும். எழுபது வயசு ஆளு."

வெர்னா பேனாவை வாங்கினாள், ஆனால் எழுதவில்லை. "கர்னல், நீங்க காதால கேட்டீங்க. அந்தக் குடை வேலை செய்யாது. அதை நம்பிப் பசங்க படுத்துத் தூங்கப் போறாங்க. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"யாரு ரகசியத்தைச் சொன்னாங்கன்னு பார்க்கறது மட்டும்தான் இந்த ரூமோட வேலை. ரகசியம் என்னங்கறது இல்ல." அவர் அடேலைப் பார்க்காமல் சொன்னார். "நான் மேலிடத்துக்கு எழுதினா, நாளைக்கு அவங்க உட்கார்ந்திருந்த நாற்காலியில நான் உட்காரணும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்ல மேடம். உள்ளதைச் சொல்றேன்."

ராஸ்கோ கையெழுத்துப் போட்டான். வெர்னாவும் போட்டாள்.

"என் பையன்கிட்டயாவது?" என்று கேட்டாள் அடேல்.

"கூடாதும்மா" என்றார் ரட். "இந்தத் தடவை அட்டை. அடுத்த தடவைன்னா ஜெயில்."

*

அடேலின் காரை வெர்னாவே ஓட்டி அவளை வீட்டில் கொண்டுவிட்டாள். ராஸ்கோ பின்னாலேயே வண்டியில் வந்து, வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். 

சமையலறையில் வெர்னா காபி போட்டாள். மன்னிப்புக் கேட்டாள். அடேல் தலையை மட்டும் ஆட்டினாள். ஊர் வக்கீல்கள், செனட்டர்கள், பத்திரிகைகள் என்று ஒவ்வொரு வாசலாக வெர்னா மனசுக்குள் தட்டிப் பார்த்தாள். எல்லா வாசலிலும் அவளே போட்ட கையெழுத்து இருந்தது.

ஐந்து மணிக்குச் சுவரில் இருந்த போன் அடித்தது. கொரியாவில் அப்போது சனிக்கிழமை காலை. வாராவாரம் அந்த நேரத்துக்கு வருகிற அழைப்பு. அடேல் எடுத்தாள். அந்தப் பழைய போனில் வெஸ்லியின் குரல் மேஜைவரை கேட்டது.

"அம்மா! ஏழாவது டெஸ்ட் படத்தை நேத்து எங்களுக்குப் போட்டுக் காட்டுனாங்க! சும்மா நடு மண்டையில போய் அடிச்சுதும்மா. பசங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டுனாங்க. அந்தக் கண்ணு எங்கம்மா செஞ்சதுடான்னு சொன்னேன், ஒருத்தனும் நம்பல. அடுத்த மாசம் எங்க முகாமுக்கு வருதாம். வந்த நாள்லேர்ந்து பூட்ஸோடதான் படுப்போம் இல்லியா, எப்ப சைரன் அடிக்குமோன்னு. நேத்துத்தான் முதல் தடவையா கழட்டி வெச்சுட்டுத் தூங்கினேன்."

அடேல் சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? அது நல்லா வேலை செய்யும் இல்லம்மா? உங்களுக்குத் தெரியுமே."

அடேல் வெர்னாவைப் பார்த்தாள். எதையாவது சொல்லிக் கொடு என்று கேட்கிற பார்வை. வெர்னா எழுந்து நின்றாள், பக்கத்தில் போனாள், அவள் தோளில் கை வைத்தாள். 

அடேல் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள்.